நாற்காலி வாங்கும் முன் அளவு எடுங்கள்

புறநோயாளர் பிரிவில் எங்களிடம் நாள்தோறும் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "டாக்டர், எந்த நாற்காலி வாங்கலாம்?" என்பது. கேட்பவர் பெரும்பாலும் கழுத்துவலியோ இடுப்புவலியோ கொண்டு வந்த கணினிப் பணியாளராக இருப்பார். கைப்பேசியில் நான்கைந்து நாற்காலிகளின் படங்களை விலையோடு சேமித்து வைத்திருப்பார். உடன் வந்திருக்கும் கணவரோ மனைவியோ தாயாரோ அந்த விலையைப் பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஐயப்பன்தாங்கலைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. போரூர், இராமாபுரம், மணப்பாக்கம் பகுதிகளின் மென்பொருள் அலுவலகங்களுக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் சென்று வருவோர் இங்கே மிகுதி. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது இவர்களுடைய உணவு மேசைகள் ஒரே இரவில் அலுவலக மேசைகளாயின. உணவு மேசை நாற்காலி அரை மணி நேரம் அமர்ந்து சாப்பிடுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மக்கள் ஒன்பது, பத்து மணி நேரம் அமர்ந்தார்கள். ஊரடங்கு முடிந்தது, வாரத்தில் சில நாள்களேனும் வீட்டிலிருந்து பணிபுரியும் வழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. நாற்காலி மட்டும் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. மாறிய வீடுகளிலும் வலி தீரவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதக் காரணம்.

ஒரு நோயாளியின் அனுபவத்தை, அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றி இங்கே சொல்கிறோம். முப்பது வயதைக் கடந்த பெண். உயரம் 150 செ.மீ. இடுப்புவலிக்காக எங்களிடம் வந்தார். பரிசோதனையில் அச்சப்படும்படி எதுவும் இல்லை. சில உடற்பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, கீழே 'நல்ல நாற்காலி வாங்கவும்' என்று ஒரு வரியும் சேர்த்தோம். அவர் அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டு, 28,000 ரூபாய்க்குத் தவணை முறையில் ஒரு நாற்காலி வாங்கினார். இரண்டு மாதம் கழித்துத் தாயாருடன் மீண்டும் வந்தார். இடுப்புவலி குறையவில்லை, தொடையின் அடிப்பகுதியில் மரத்துப்போதலும், மாலையில் பாதவீக்கமும் புதிதாகச் சேர்ந்திருந்தன. "ஜவ்வு விலகிடுச்சா டாக்டர்? வேலையை விட்டுடச் சொல்றேன்" என்றார் தாயார். வீட்டுக் கடனுக்கு அவருடைய சம்பளமும் தேவையாக இருந்த குடும்பம் அது.

அவர் அமர்ந்து பணிபுரியும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றைக் கேட்டோம். படத்தைப் பார்த்ததும் விடை கிடைத்தது. நாற்காலியின் இருக்கை மிகத் தாழ்ந்த நிலையிலும் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தது. செருப்பில்லாமல் அளந்தபோது அவருடைய கால் உயரம், அதாவது குதிகால் முதல் முழங்காலின் பின்மடிப்பு வரை, 37 செ.மீ. எட்டு செ.மீ. இடைவெளியில் அவருடைய பாதங்கள் நாள் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தன. இருக்கையின் ஆழமும் அவருக்கு அதிகம். முதுகைச் சாய்த்தால் இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். அதைத் தவிர்க்க முன்விளிம்பில் அமர்ந்தால் முதுகுச்சாய்வு எட்டாது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். எந்த முதுகுத் தாங்கலுக்காக அவ்வளவு பணம் கொடுத்தாரோ, அது அவருடைய முதுகைத் தொடவே இல்லை. தவறு நாற்காலியில் இல்லை. அது 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு மிக நன்றாகப் பொருந்தியிருக்கும். அளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் 'நல்ல நாற்காலி' என்று எழுதிய எங்களுடைய வரியில்தான் தவறு இருந்தது. அன்று முதல் எங்கள் மேசை இழுப்பறையில் தையற்காரரின் அளவு நாடா ஒன்று இருக்கிறது.

இப்போது அளவுக்கு வருவோம். மூன்று அளவுகள் போதும். மூன்றையும் வீட்டில் இருப்பவர் ஒருவரின் உதவியோடு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

முதல் அளவு, மேலே சொன்ன கால் உயரம். தட்டையான இருக்கையில், பாதம் முழுவதும் தரையில் படிய, முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி அமர்ந்து அளக்க வேண்டும். தோராயமாக இது ஒருவரின் மொத்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். இதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. கடைக்குச் செல்லும்போது செருப்போ ஷூவோ அணிந்து நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறோம். வீட்டில் வெறுங்காலோடு அமர்கிறோம். காலணியின் இரண்டு மூன்று செ.மீ. உயரம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. காலணியைக் கழற்றாத நாடுகளின் அளவுகளை ஒட்டிச் செய்யப்பட்ட நாற்காலிகளில் இந்தக் குறை இன்னும் கூடும். ஆகவே கடையிலும் காலணியைக் கழற்றிவிட்டு அமர்ந்து பாருங்கள். விற்பனையாளர் வியப்போடு பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டாவது அளவு, இருக்கையின் ஆழத்துக்கானது. முதுகு சுவரில் ஒட்டுமாறு அமர்ந்து, சுவரிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். இருக்கையின் ஆழம் இதைவிட நான்கைந்து செ.மீ. குறைவாக இருக்கவேண்டும். கடையில் நாடா இல்லாவிட்டால், முதுகை நன்றாகச் சாய்த்து அமர்ந்து, இருக்கையின் முன்விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் எளிதாக நுழைகின்றனவா என்று பார்க்கலாம். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் உண்டு. ஒரே நாற்காலியில் கணவன், மனைவி இருவரும் மாறி மாறிப் பணிபுரியும் வீட்டுக்கு அவை ஏற்றவை. ஏற்கெனவே ஆழம் மிகுந்த நாற்காலியை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இடுப்பின் உள்வளைவுக்குப் பின்னால் கெட்டியான தலையணை ஒன்றை வைத்தால் ஆழம் குறையும், தாங்கலும் கிடைக்கும்.

மூன்றாவது அளவைத்தான் ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது முழங்கை உயரம். தோள்களைத் தளர்த்தி, மேற்கைகளை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி அமர்ந்தால், இருக்கையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம். தட்டச்சு செய்யும் பலகை முழங்கை மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே இருக்கவேண்டும். அப்படி இல்லாமல் மேசை உயரமாக இருந்தால் தோள்கள் தாமாக மேலே ஏறும். இப்படி எட்டு மணி நேரம் உயர்த்திப் பிடித்த தோள்களே, கழுத்துவலி என்று எங்களிடம் வரும் பலருடைய உண்மையான நோய். அவர்கள் நாற்காலியை மாற்றுகிறார்கள்; உயரமான மேசையோ அப்படியே இருக்கிறது.

நம் நாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் கொண்டவை. நம் நோயாளிக்கு இருக்கையிலிருந்து முழங்கை உயரம் 21 செ.மீ. பாதம் தரையில் படியுமாறு 37 செ.மீ. உயரத்தில் அவர் அமர்ந்தால் முழங்கை 58 செ.மீ. உயரத்தில் இருக்கும், மேசையோ அதற்கும் 17 செ.மீ. மேலே. மேசைக்கு ஏற்ப நாற்காலியை உயர்த்தினால் கால்கள் தொங்கும். காலுக்கு ஏற்ப நாற்காலியைத் தாழ்த்தினால் தோள்கள் ஏறும். எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியாலும் இந்த முரணைத் தனியாகத் தீர்க்க முடியாது. உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், 'எந்த நாற்காலியும் எனக்குச் சரிப்படவில்லை' என்று சொல்வதன் காரணம் இதுதான்.

தீர்வு எளியது. மேசையைத் தாழ்த்த முடியாவிட்டால் தரையை உயர்த்த வேண்டும். அவருடைய நாற்காலியை 54 செ.மீ. உயரத்துக்கு ஏற்றச் சொன்னோம். 17 செ.மீ. உயரத்தில், இரு பாதங்களும் தாராளமாக நகரும் அளவுக்கு அகலமான ஒரு கால்மணையைத் தச்சரிடம் செய்துகொண்டார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. மடிக்கணினிக்கு அடியில் பழைய புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வருமாறு உயர்த்தி, தட்டச்சுப் பலகையையும் சுட்டியையும் தனியே வாங்கிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்காலியின் ஒரு மாதத் தவணையை விடக் குறைவாகவே செலவாயிற்று. பாதவீக்கமும் மரத்துப்போதலும் இரண்டு வாரத்தில் நீங்கின. இடுப்புவலி உடற்பயிற்சியோடு மெதுவாக, மூன்று மாதத்தில் தணிந்தது. வேலையை விடவில்லை.

இங்கே இரு சிறு எச்சரிக்கைகள். நீண்டநாள் சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் கால்மணையின் கூரிய விளிம்பில் வெறுங்காலை ஊன்றக்கூடாது. மேற்பரப்பில் ரப்பர் விரிப்பு ஒட்டிக்கொள்ளுங்கள், மாலையில் பாதங்களைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்து, படிப்பதற்கும் தொலைவுக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள் திரையைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னே சாய்ப்பார்கள். அவர்களுக்குத் திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதே நல்லது. கழுத்துவலிக்குக் கண்ணாடி மாற்றித் தந்து குணமானவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

'நிமிர்ந்து உட்கார்' என்று பள்ளியில் கேட்ட அறிவுரையை இன்னும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதை மறுக்காமல் கொஞ்சம் திருத்த விரும்புகிறோம். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள, மக்கள் ஜவ்வு என்று சொல்லும் வட்டுகளின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் ஊசியைச் செலுத்தி அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கணிசமாகக் கூடுகிறது என்று அவர் கண்டது பல ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர், தாமாக முன்வந்த ஒருவரின் வட்டில் நுண்ணிய கருவியைப் பொருத்தி, அவர் நிற்க, உட்கார, படுக்க, சுமை தூக்க, ஒரு நாள் முழுவதும் அளந்தனர். தளர்ந்து நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாய்மானமின்றி உட்காரும்போது 0.46. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நன்கு சாய்ந்து தளர்வாக அமர்ந்தபோது அழுத்தம் இன்னும் குறைந்தது. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது அது 2.3 வரை சென்றது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் அதை முடிந்த முடிவாகக் கொள்ள மாட்டோம். ஆயினும் இராணுவ வீரரைப் போல விறைப்பாக அமர்வது முதுகுக்கு நன்மை என்பதற்குச் சான்றில்லை என்பதும், சாய்மானத்தைப் பயன்படுத்திச் சற்றுப் பின்னே சாய்வது சோம்பல் ஆகாது என்பதும் அதிலிருந்து தெளிவாகின்றன. முதுகுச்சாய்வை 100 முதல் 110 பாகை வரை சாய்க்கக்கூடிய நாற்காலியாகப் பாருங்கள். சாய்வு ஓரிடத்தில் பூட்டியே இருக்கும் நாற்காலியைவிட, உடல் அசைவோடு சேர்ந்து அசைவது மேல்.

வட்டுகளுக்குத் தனியே இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றியுள்ள எலும்பிலிருந்து ஊறி வரும் நீரும் ஊட்டமும்தான் அவற்றின் உணவு. படுத்து உறங்கும்போது அவை நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. பகலில் சுமையால் அது பிழியப்படுகிறது. அழுத்தம் கூடிக் குறைவது அவற்றுக்குத் தேவை. எனவே மிகச் சரியான நிலையில் நான்கு மணி நேரம் அசையாமல் இருப்பவரைவிட, அப்படியும் இப்படியும் அமர்ந்து அடிக்கடி எழுபவரின் முதுகைப் பற்றி நாங்கள் குறைவாகவே கவலைப்படுவோம்.

முதுகோடு இது முடியவில்லை. ஐயப்பன்தாங்கல் என்றதும் சென்னையில் பலருக்கு நினைவுக்கு வருவது மாநகரப் பேருந்து நிலையம். பேருந்துக்கும் எங்கள் துறைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இலண்டன் போக்குவரத்துப் பணியாளர்களை ஆராய்ந்த ஜெர்மி மாரிஸ் 1953-இல் ஒரு முடிவை வெளியிட்டார். இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதே அது. ஓட்டுநர்களாகச் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. அவர்களுக்குத் தைக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவை வைத்து மாரிஸ் அதையும் ஆராய்ந்தார், அந்த ஐயத்தில் ஓரளவு உண்மை இருப்பதையும் மறைக்காமல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் பல அவருடைய அடிப்படைக் கருத்தை உறுதிசெய்தன. 2016-இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்பதால் கூடும் இறப்பு அபாயம், நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் விரைந்து நடப்பது போன்ற உடலுழைப்பு உள்ளவர்களிடம் ஏறக்குறைய மறைந்துவிடுவதைக் காட்டியது. நாற்காலிக்கு 28,000 ரூபாய் ஒதுக்குபவரிடம் ஒரு நல்ல நடைக்காலணி இருக்கிறதா என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

அமர்வே தீது, ஆகவே நின்றே வேலை செய்கிறோம் என்று கிளம்பிவிடவும் வேண்டாம். நாள் முழுவதும் நிற்பவர்களும் எங்களிடம் வருகிறார்கள்: துணிக்கடை, நகைக்கடைப் பணியாளர்கள், நரம்புச் சுருட்டலும் குதிகால் வலியும் கொண்டவர்கள். அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணியிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு ஏற்ற இருக்கை வசதியைப் பணியாளர்கள் அனைவருக்கும் செய்துதர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் 2018-இலேயே இத்தகைய உரிமையை வழங்கியிருந்தது. உங்கள் வீட்டில் ஒருவர் கடையில் நிற்பவராகவும் மற்றொருவர் கணினி முன் அமர்பவராகவும் இருந்தால், இருவருக்கும் எங்கள் அறிவுரை ஒன்றே: அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். அமர்ந்தவர் இரண்டு நிமிடம் எழுந்து நடக்கட்டும். நிற்பவர் இரண்டு நிமிடம் அமரட்டும்.

அரை மணிக்கு ஒருமுறை எழுவது சொல்ல எளிது, செய்ய அரிது என்பதை நாங்களும் அறிவோம். எங்கள் நோயாளிகளுக்குப் பயன்பட்ட ஓர் உத்தி: மேசை மீது இரண்டு லிட்டர் பாட்டில் வைக்காமல், ஒரு சிறிய டம்ளர் மட்டும் வைப்பது. தாகம் எடுக்கும்போதெல்லாம் சமையலறை வரை நடந்தாக வேண்டும். நீர் குடித்தபின் வேறு காரணத்துக்காகவும் எழுந்தாக வேண்டும். தொலைபேசி அழைப்புகளை நின்றபடி பேசுவதும் நல்லது.

இனி, கடையில் பார்க்க வேண்டியவை. கைப்பிடிகள் உயரத்தை மாற்றக்கூடியவையாக, மேசைக்கு அடியில் நுழையக்கூடியவையாக இருக்கட்டும்; மேசையில் இடித்து நாற்காலியைத் தள்ளி நிறுத்தும் கைப்பிடி, இல்லாததைவிடத் தீங்கு. இருக்கைப் பஞ்சை முழங்கையால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை தட்டுப்பட்டால் ஆறு மாதத்தில் அது பள்ளமாகிவிடும். சென்னை வெயிலுக்கு ரெக்சின் உறை ஏற்றதன்று. வியர்வையால் தொடையிடுக்குப் படைகள் கூடுவதைத் தோல்நோய்ப் பிரிவினர் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறார்கள். வலைத்துணி முதுகுச்சாய்வு மேல். கணினி விளையாட்டுக்காக விற்கப்படும், பந்தயக் கார் இருக்கை போன்ற நாற்காலிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் உயர்ந்த பக்க விளிம்புகள், வளைவில் திரும்பும் காரில் உடல் சரியாமல் பிடிப்பதற்காக உருவானவை. வீட்டுக் கூடத்தில் அத்தகைய வளைவு எதுவும் வருவதில்லை. தொடைகள் நெருக்கப்படுவதுதான் மிச்சம். பெரிய ரப்பர் பந்தின் மீது அமர்வதையும் நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கமாட்டோம்.

சக்கர நாற்காலிகளைப் பற்றி ஒரு கவலை உண்டு. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அவை சிறு தொடுகையிலும் நழுவும். கூடத்தைக் கடக்கும் பாட்டியோ தாத்தாவோ தடுமாறும்போது, அருகிலிருக்கும் நாற்காலியின் முதுகைப் பிடிப்பது இயல்பு. அது நகர்ந்துவிட்டால் விழுவது அவர்களாக இருப்பார்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிவு என்பது அறுவைச் சிகிச்சையும் மாதக்கணக்கில் படுக்கையும் ஆகலாம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் பணி முடிந்ததும் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, முடிந்தால் கதவுள்ள அறைக்குள் வைத்துவிடுங்கள். உடலின் எடை இருக்கையில் இல்லாதபோது தாமாகப் பூட்டிக்கொள்ளும் சக்கரங்களும் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஐந்து கால் அடித்தளம் இல்லாத சுழல் நாற்காலி கவிழக்கூடியது, வேண்டாம்.

ஒரே நாற்காலியைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும், மாலையில் பள்ளிப் பிள்ளையும் பயன்படுத்தும் வீடுகள் பல. ஒவ்வொருவருக்கும் உரிய இருக்கை உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, மேசைக் காலில் வண்ண நாடாவால் குறித்துவைக்கலாம். அமரும்போது இருக்கையின் மேற்பரப்பை அவரவர் குறிக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கால்மணை கட்டாயம். தொங்கும் காலோடு பாடம் படிக்கும் பிள்ளை நெளிவதைக் குறும்பு என்று எண்ணிவிடுகிறோம்.

நாற்காலியாலும் உடற்பயிற்சியாலும் தீராத, காத்திருக்கவும் கூடாத நிலைகள் சில உண்டு. முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போதல் அல்லது அறியாமல் கழிதல், மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் பகுதியிலும் உணர்ச்சி மரத்தல், கால்களில் வேகமாகப் பரவும் பலவீனம்: இவை முதுகுத்தண்டின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இரவானாலும் விடுமுறையானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியக்கூடும். பாதம் மடங்கித் தரையில் இழுபட்டால் அன்றே வாருங்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றோடு வரும் முதுகுவலியை 'உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது' என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சிவந்து வலித்தால், அதோடு திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அது கால் நரம்பில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் சென்றதாக இருக்கலாம். நீண்ட விமானப் பயணத்தில் வருவதாகப் பலர் அறிந்த இந்நோய், கணினி முன் அமர்ந்தவருக்கும் வரும். நாள்தோறும் 12 மணி நேரமும் சில நாள்களில் அதற்கு மேலும் கணினி முன் அமர்ந்திருந்த 32 வயது இளைஞருக்கு உயிராபத்தான அளவில் இது ஏற்பட்டதை 2003-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் பதிவு செய்தனர். மகப்பேற்றுக்குப் பின் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

எங்கள் பிரிவுக்கு நாற்காலி பற்றிய கேள்வியோடு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாங்கிய பிறகு வருவதைவிட, வாங்கும் முன் வாருங்கள். வழக்கமாக அமர்ந்து பணிபுரியும் நிலையில், நீங்கள் அறியாத ஒரு நேரத்தில், வீட்டில் ஒருவர் பக்கவாட்டிலிருந்து தலை முதல் பாதம் வரை தெரியும்படி ஒரு புகைப்படம் எடுக்கட்டும். அறிந்தால் எல்லோரும் நிமிர்ந்துவிடுகிறார்கள். கால் உயரம், இருக்கை ஆழம், முழங்கை உயரம், மேசையின் உயரம் ஆகிய நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவெடுக்கும்போது காலணி வேண்டாம்.